கற்பகம் எழுதிய நான்கு பக்கம்

படுத்த படுக்கையாகக் கிடப்பவரைக் குளிப்பாட்ட இரண்டு பேர் வேண்டும். கொச்சி மட்டாஞ்சேரியில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு வாய்த்த இரண்டாவது ஆள் கற்பகம். இடுக்கி மலையில் முதுவான் பழங்குடியினரின் ஊர் ஒன்றில், அவர்கள் சொல்வதுபோல் ஒரு குடியில், பிறந்தவள், வயது இருபத்து நான்கு. காலை ஆறு முதல் எட்டு வரை என்னோடு வேலை. பிறகு படகேறி எறணாகுளம் போய், அதற்கும் அப்பால் இருந்த ஒரு தனியார் கல்லூரியில் சட்டம் படித்தாள். கைப்பலம் உண்டு. பொறுமை கிடையாது. சாயாவில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டும் முகம் மட்டும் கசந்தே இருக்கும்.

நாங்கள் பார்த்துக்கொண்டது குழந்தைசாமியை. மாநகராட்சியில் குப்பை லாரி ஓட்டியவர். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வாய்க்கு அந்தக் குறை இல்லை.

கற்பகத்துக்குக் கடைசி வருடம். பழங்குடிகளின் சுயநிர்ணய உரிமை என்று ஒரு பாடம். நடத்தியவர் ஸாதனா மிஸ். நல்ல பெண். நல்லவர்களிடம் ஒரு தொந்தரவு, நம்மைக் கேட்காமலே நமக்கு நல்லது செய்துவிடுவார்கள். கட்டுரை எழுத மற்ற பிள்ளைகளுக்கு நூலகத்தில் கிடைக்கிற தலைப்பு. கற்பகத்துக்கு மட்டும் விசேஷம்: உன் குடியின் வழக்கங்களை எழுது, சண்டை வந்தால் யார் தீர்ப்பது, எந்தக் காட்டில் யார் தேன் எடுப்பது, எல்லாம். கூடவே ஒரு சம்மதப் படிவம். அதில் ஒரே ஒரு கையெழுத்துக்கு இடம்.

“நான் ஒருத்தி போட முடியாது மிஸ். ஊர்க்கூட்டம் உட்காரணும்” என்றிருக்கிறாள் இவள்.

“நீயும் அந்தக் குடிப் பெண்தானே?”

“அதனாலதான் மிஸ்.”

பழங்குடி நிலத்தில் எதைச் செய்தாலும் முன்கூட்டியே அவர்கள் சம்மதம் வேண்டும் என்று முந்தின வாரம்தான் மிஸ் இரண்டு மணி நேரம் பேசியிருந்தார். தேர்வுத் தாளில் அது பத்து மதிப்பெண் கேள்வி. கல்லூரிக்கோ இருபதாம் தேதி கடைசி நாள். கட்டுரை வராவிட்டால் அந்தப் பாடம் தோல்வி, பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

குழந்தைசாமியைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டே நான் சொன்னேன்: “ரெண்டு பக்கம் எழுதிக் கொடுத்துத் தொலைடி. உங்க காட்டுலேர்ந்து யார் வந்து பார்க்கப் போறா?”

“எங்கம்மா வருவா அக்கா. கூட்டத்துல அவ சத்தம்தான் பெரிசு.” துணியைப் பிழிந்தாள். “முன்னால ஒரு சாரு வந்து நாலு நாள் தங்கி எழுதிட்டுப் போனாரு. மறு வருஷம் தேனுக்கு ஜீப்புல ஆளு வந்துச்சு. தேன்கூடு இருக்கிற பாறை பேரெல்லாம் சரியாச் சொன்னான்.”

குழந்தைசாமி சும்மா இருப்பாரா? “ஏ வக்கீலு, தினம் என் வேட்டியை அவுக்கிறியே, எந்தக் கூட்டத்துல அனுமதி வாங்கினே?”

“உங்க கூட்டத்துல ஒரே ஆளு. கேட்டுட்டுத்தானே அவுக்கிறேன்?”

“நான் வேண்டாம்னு சொன்ன அன்னிக்கும் அவுத்தியே!”

“அன்னிக்கு நாத்தம், சேட்டா. அவசரச் சட்டம்.”

குடிக்குப் போன் போட்டாள். அங்கே ஏலக்காய் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண்ணின் பரீட்சைக்காகக் கூட்டம் கூட்ட யாருக்கும் நேரமில்லை. பதினெட்டாம் தேதிதான் உட்கார்ந்தார்கள். அம்மா பாறை மேலேறி, சிக்னல் பிடித்து முடிவைச் சொன்னாள். சண்டை தீர்க்கும் முறையை எழுதலாம். தேன் காட்டைப் பற்றி ஒரு வரி கூடாது. எழுதியதை, மார்க் போடுகிற டீச்சரே வந்து கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும்.

“இப்ப உனக்கு மார்க் போடறது யாரு, காலேஜா உங்கம்மாவா?” என்று கேட்டேன். குளியல் பாத்திரத்தை டங்கென்று வைத்தாள். கண் சிவந்திருந்தது. தூக்கம் போயிருக்கும்.

மிஸ்ஸிடம் எப்படிச் சொன்னாளோ தெரியாது. ஸாதனா மிஸ் முதலில் கோபப்பட்டார், பிறகு வெட்கப்பட்டார், கடைசியில் பத்து நாள் கூடுதல் அவகாசம் வாங்கிக்கொண்டு ஜீப் ஏறினார். ஜீப் நின்ற இடத்திலிருந்து மூன்று மணி நேர நடை. காலில் ஏழு அட்டை. கற்பகம் எழுதிய பதினொரு பக்கத்தைக் கூட்டத்தில் உட்கார்ந்து படித்தார். இரண்டாம் பக்கத்திலேயே நிறுத்தினார்கள்.

“இது நாங்க சொன்னதில்லே. பொண்ணு அழகுக்குச் சேர்த்தது. அடிச்சிரு.”

மிஸ் அடித்தார். அடித்து அடித்து, மிஞ்சியது நான்கு பக்கம். கல்லூரி விதிப்படி குறைந்தது பத்து பக்கம் வேண்டும். மிஸ் துறைத் தலைவரிடம் சண்டை போட்டார். முப்பதுக்குப் பதினைந்து கிடைத்தது. தேறுவதற்கு வேண்டியதும் பதினைந்தேதான். அந்த வகுப்பில் அதைவிடக் குறைந்த மதிப்பெண் யாருக்கும் இல்லை. இணையத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியவனுக்கு இருபத்தாறு.

பட்டம் வந்தது, வக்கீலாகப் பதிவும் ஆனது. காலை வேலையை மட்டும் அவள் விடவில்லை. குடியின் வன உரிமை வழக்கு அப்போது எறணாகுளம் உயர் நீதிமன்றத்துக்கு வந்திருந்தது. வாதாடத் தன்னையே வைப்பார்கள் என்று நினைத்துக் கறுப்புக் கோட்டை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். பாறை மேலிருந்து போன் வந்தது. கூட்டம் உட்கார்ந்ததாம். இவள் பெயரும் பேச்சில் வந்ததாம். தொடுபுழாவில் இருபது வருடம் வழக்காடிய ஒருவரையும் கேட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் சொல்கிறார்களாம்.

“முறைப்படிதான் பண்றாங்க” என்றாள் கற்பகம். பிறகு பெற்ற தாயில் தொடங்கி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அரை மணி நேரம் திட்டினாள். குழந்தைசாமி அத்தனையையும் ரசித்துக் கேட்டார். அன்றைக்கு அவரைக் குளிப்பாட்ட ஒரு மணி நேரம் தாமதமாகிவிட்டது.