சிவப்பு ஆயில், ஒன்றரைப் பாட்டில்

புதன்கிழமை காலை ஒன்பதரை மணி இருக்கும். சாக்கோட்டையில் என் உரக்கடை வாசலில், உரம் வாங்க வந்தவரின் ஸ்கூட்டரில் யூரியா மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் நாகலிங்கத்தின் பெயர் வந்தது. எடுத்தவுடன், "என்ன நாகு, மதுரையிலேர்ந்து ஆயில் வந்துருச்சா?" என்றேன். பேசியது அவன் மனைவி மீனா. "அண்ணே, அவுக போயிட்டாகண்ணே. குளிச்சிட்டு வந்து உக்காந்தாக, அம்புட்டுத்தான்" என்றாள். ஐம்பத்தொரு வயது. "சரிம்மா" என்று சொல்லி வைத்துவிட்டு, மூட்டையைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, அந்த ஆளை அனுப்பினேன். சரிம்மா என்று ஏன் சொன்னேனோ, எனக்கே தெரியவில்லை.

நாகுவைச் சுடுகாட்டுக்கு ஏற்றிப்போன வண்டி கியர் மாற்றும்போதெல்லாம் கரகரவென்றது. இதற்கு ஆயில் மாற்றி எத்தனை வருஷமாயிற்றோ என்று நினைத்தபடியே பின்னால் நடந்தேன். கூட்டாளியை எரிக்கக் கொண்டுபோகிறார்கள், நான் ஆயிலைப் பற்றி நினைக்கிறேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை. ஊசி போட்ட பிறகு பல் டாக்டர் தட்டிப் பார்ப்பாரே, அப்படி இருக்கிறது.

நம் பாறை வண்டிக் கூட்டத்துக்கு நாகலிங்கத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காரைக்குடியில் அலுமினிய ஜன்னல் பட்டறை வைத்திருந்தான். நாங்கள் இருவரும் சேர்ந்து பழைய ட்ரையல்ஸ் மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினோம். உட்காரச் சீட்டு இல்லாத ஒல்லி வண்டி. இந்த விளையாட்டில் வேகம் கிடையாது. நின்றுகொண்டே, கால் தரையில் படாமல், பாறை பாறையாக ஏறி இறங்க வேண்டும். ஒரு வாரம் வண்டி அவன் வீட்டில் நிற்கும், மறுவாரம் என் வீட்டில். யார் வீட்டில் நிற்கிறதோ அவரே கழுவி, ஆயில் பார்த்து வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஊரில் எங்களைக் கிறுக்கர்கள் என்றார்கள். என் வீட்டில் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார்கள்.

எங்களுக்குள் சண்டை என்று வந்தால் அது கியர்பாக்ஸ் ஆயிலுக்குத்தான். அந்த வண்டியில் கியரும் கிளட்ச் தட்டுகளும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. ஆயில் கெட்டியாக இருந்தால், கிளட்சைப் பிடித்தாலும் தட்டுகள் ஒட்டிக்கொண்டு வண்டி முன்னால் நகரும். அதிகம் வழுக்கினால், கிளட்சை விட்டாலும் தட்டுகள் கவ்வாது. நாகு பல ஆயில் ஊற்றிப் பார்த்துவிட்டு, தானாகக் கியர் மாறும் கார்களுக்குப் போடும் சிவப்பு ஆயிலில் வந்து நின்றான். "காருக்கு ஊத்துறத இதுல ஊத்துறியே, கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?" என்று சிரித்தேன். "அண்ணே, டப்பாவுல படத்தப் பாக்காதீக. பின்னாடி பொடி எழுத்து இருக்கும், அதப் படிங்க. பாறையில கிளட்ச் பிடின்னா பிடிக்கணும், விடுன்னா விடணும். யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லக்கூடாது" என்றான். அளப்பதற்கு அவன் மகள் சின்னப் பிள்ளையில் பால் குடித்த பாட்டிலை வைத்திருந்தான். சரியாக ஒன்றரைப் பாட்டில். "எம் மக வயிறே இதுலதான் அளந்தது, தப்பாது" என்பான்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். இரண்டு வருஷத்துக்கு முன், திருப்பத்தூர்ப் பக்கம் கைவிட்ட கல்குவாரியில் நாம் நடத்திய போட்டி எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வாரம் வண்டி என் வீட்டில் நின்றது. பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் பார்த்தால், சிவப்பு ஆயில் டப்பா காலி. அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "இதுகூடத் தெரியாதா அண்ணே" என்று கிண்டல் பண்ணுவான் என்ற வீம்பு. கடைக்குப் போய் இருப்பதிலேயே உசத்தியான கார் இன்ஜின் ஆயிலைக் கேட்டு வாங்கினேன். டப்பாவில் ஜோரான கார் படம். பின்னால் திருப்பிப் பார்க்கவில்லை. ஊற்றி மூடிவிட்டேன். அவனிடம் சொல்லவும் இல்லை.

மறுநாள் முதல் இரண்டு பாறைகளை நாகு சுத்தமாக ஏறினான். மூன்றாவது, ஆள் உயரத்துக்கு மேல். பாதி ஏறியபோது இன்ஜின் அலறியது, சக்கரம் சுற்றவில்லை. வண்டி பின்னால் சரிந்து அவன் மேலேயே விழுந்தது. இடது மணிக்கட்டு உடைந்தது. கிளட்ச் பிடிக்கிற கை.

கீழே நின்ற நமக்கெல்லாம், பயத்தில் அவன் கிளட்சைப் பிடித்துவிட்டான் என்றுதான் தோன்றியது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவனிடம், "வயசாயிருச்சு நாகு, பாதிப் பாறையில கைய இறுக்கிட்டீகளே" என்று ஆளாளுக்குக் கேலி செய்தோம். ஆமாம், நானும்தான். "ஆமாப்பா, கை பயந்திருச்சு" என்று அவனும் சிரித்தான்.

பத்து நாள் கழித்து அவன் பட்டறைக்குப் போனேன். ஒற்றைக் கையால் ஆயில் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். தட்டில் ஆயில் இறங்கியது. சிவப்பாக இல்லை, தேன் நிறத்தில் இருந்தது. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான், விரல்கள் ஒன்றின் மேல் ஒன்று நிற்காமல் வழுக்கின. என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "அடுத்த தடவ கேட்டுட்டு ஊத்துங்கண்ணே" என்றான். பிறகு, "டீ சாப்பிடுவமா?" அவ்வளவுதான் பேச்சு. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. வாய் வரைக்கும் வந்தது, டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கையில் பழைய பிடிமானம் வரவில்லை. அதன் பின் அவன் போட்டியில் இறங்கவே இல்லை. பாறை ஓரத்தில் விசிலோடு நின்று, யார் காலை ஊன்றினார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு போட்டியிலும் யாராவது அந்தக் கேலியைத் திரும்ப எடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் அவன் சிரிப்பான், நான் பாறையைப் பார்ப்பேன். இந்த முறை எப்படியும் சொல்லிவிடுவது என்று ஒவ்வொரு முறையும் நினைத்தேன். வெட்கக்கேடு, வேறென்ன.

போன ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டத்திலும் நம்மில் ஒருவர் எழுந்து, "அருமையான ஆளு, அந்த ஒரு பாறையிலதான் மனுசன் பயந்துட்டாரு" என்றார். அன்போடுதான் சொன்னார், எல்லோரும் லேசாகச் சிரித்தார்கள். மீனாவும் சிரித்தாள். ஆயில் விஷயத்தை அவளிடம்கூட அவன் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கூட்டம் முடிந்து கிளம்பும்போது மீனா ஒரு பையைக் கொடுத்தாள். "மதுரையிலேர்ந்து வந்துச்சுண்ணே. ஒங்ககிட்ட குடுக்கணும்னு எடுத்து வச்சிருந்தாக" என்றாள். உள்ளே சிவப்பு ஆயில் டப்பாவும், அந்தப் பால் பாட்டிலும் இருந்தன. மறுநாள் காலை ஒன்றரைப் பாட்டில் அளந்து ஊற்றினேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. கிளட்சைப் பிடித்தேன், தட்டுகள் விட்டன. விட்டேன், பிடித்தன.

அவனிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்தப் பால் பாட்டில்தான். அதை நான் வைத்துக்கொள்கிறேன். அவன் எனக்காக இரண்டு வருஷம் வாங்கிக்கொண்ட கேலியை இனி அவன் பெயரில் விடமாட்டேன். அன்று மூன்றாவது பாறையில் நாகலிங்கத்தின் கை பயப்படவில்லை. அவன் கிளட்சைச் சரியாகத்தான் விட்டான். ஆயில் ஊற்றியது நான்.