ஒரு மொறிஸ் மைனருக்கு இரண்டு இஞ்சின்

மண்ணெண்ணெயில் ஓடும் காரின் புகை கண்ணை எரிக்கும், தொண்டையில் கசக்கும், உடுப்பில் ஏறினால் எத்தனை தரம் தோய்த்தாலும் போகாது. போரும் பொருளாதாரத் தடையும் நிலவிய தொண்ணூறுகளில், முல்லைத்தீவுக் கரையில், அந்தப் புகைக்குள் வளர்ந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஆனால் பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை என்று ஊரே கைவிரித்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி வானொலியைப் பாட வைத்தேன். உடைந்த தையல் மெசினின் சக்கரத்தைக் கொண்டு வலைநூல் முறுக்கும் பொறி செய்தேன். தகரப் பீப்பாயை வெட்டிப் பாண் சுடும் போறணை கட்டினேன். பின்னாளில் நெடுங்கேணியில் சொந்தமாக ஒரு நெல் ஆலையே நிறுவினேன். இவற்றைச் செய்த பெயரை எவரும் என்னிடமிருந்து பறிக்கவில்லை. பறிபோனது ஒன்றுதான், சவிரிமுத்துச் சம்மாட்டியாரின் இரண்டு இஞ்சின் கார். அதில் என் கையும் இருந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சம்மாட்டியார் எங்கள் கரையில் கரைவலை வைத்திருந்தவர். அவருடைய பழைய மொறிஸ் மைனர்தான் ஊரில் இருந்த ஒரே கார். சில சொட்டுப் பெற்றோல் விட்டு அதை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெயில் அதற்குப் பாதி மூச்சுத்தான். தார் வீதியில் எப்படியோ ஊர்ந்துவிடும். கரையிலிருந்து புதுக்குடியிருப்புப் பாதைக்கு ஏறும் மணல் வழியில், அதுவும் மாரி மழையில், நின்றுவிடும். அப்படி நின்ற ஒரு நாளில், காய்ச்சல் முற்றியிருந்த அவருடைய மனைவி, ஆட்கள் தள்ளத் தள்ள, பின் இருக்கையிலேயே கண்ணை மூடினார். அதன் பிறகு சம்மாட்டியார் அந்தக் காரில் ஏறவேயில்லை. கோயிலுக்கும் நடந்தே போனார்.

அடுத்த மாரி தொடங்கியபோது அவருடைய மகள் எலிசபெத் அக்காவுக்குத் தலைப்பிள்ளைக்கு மாதம் நெருங்கியிருந்தது. வயிற்றைத் தடவிப் பார்த்த மருத்துவிச்சி, "பிள்ளை குறுக்க கிடக்குது. என்னை நம்பி இருக்காதேங்கோ, ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்று சொல்லிவிட்டா. அன்று பின்னேரமே சம்மாட்டியார் தென்னந்தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த இஞ்சினைக் கழற்றி வந்து காரின் டிக்கிக்குள் தூக்கி வைத்தார்.

"ஒரு இஞ்சின் காணாட்டி ரெண்டு. ஆழ்கடலுக்குப் போற வள்ளத்துக்கு ரெண்டு பூட்டுறேல்லையோ?" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

பின் சில்லுகளைச் சுழற்றும் தண்டில் ஒரு கப்பி ஏறியது. இஞ்சினையும் அந்தக் கப்பியையும் இணைக்க, அப்போது நான் கூலிக்கு நின்ற நெல் ஆலையில் கழித்துப் போட்டிருந்த றப்பர் 'பெல்ற்' ஒன்றைக் கேட்டு வாங்கி, தோளில் சுற்றிக்கொண்டு வந்தேன். எனக்குப் பதினான்கு வயது. இஞ்சினுக்குப் பக்கத்தில் பூட்டிய தடி ஒன்றை இழுத்தால் பெல்ற் இறுகும், விட்டால் தளரும்.

இரண்டு இஞ்சினையும் ஒன்றாக இயக்கிய அன்று கரையே திரண்டு நின்றது. கார் உறுமியது, நடுங்கியது, அசையவில்லை. பெல்ற் புகைந்தது. முன் இஞ்சினை நிறுத்தி, கியரையும் விடுவித்து, பின்னதை மட்டும் ஓட்டிப் பார்த்தபோது கார் மெல்லமாகக் கடலை நோக்கிப் பின்னுக்குப் போனது.

"சம்மாட்டியார், உது தொழிலுக்குப் போகுது! வலையையும் ஏத்தி விடுங்கோ!" என்று ஒருவர் கத்தினார்.

அது கடற்றொழில் செய்யும் கைகளுக்கே வரக்கூடிய பிழை. வள்ளத்தின் பின்னணியத்தில், பின்முனையில், நின்று இஞ்சினை உயிர்ப்பிக்கும் கயிற்றை இழுத்துப் பழகிய கைகள், யோசிக்காமலே, இந்த இஞ்சினையும் கயிறு பின்பக்கம் பார்க்கும்படி பூட்டிவிட்டன. அதனால் அது சில்லுகளை மறுவளமாகச் சுற்றியது. ஒரு காருக்குள் இரண்டு இஞ்சினும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டின. திருப்பிப் பூட்டுவோம் என்றார்கள். திருப்பினால் கயிறு பின் இருக்கைக்குள் வரும்.

"என்ர பிள்ளை படுக்கிற இடத்தில நிண்டு ஆர் கயிறு இழுக்கிறது?" என்று கேட்டுவிட்டுச் சம்மாட்டியார் மணலில் குந்திவிட்டார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"திருப்ப வேண்டாம் ஐயா. பெல்ற்றை எட்டாப் போடுவம்" என்றேன்.

"போடா மில்லுத் தவிடு! பெரிய ஆக்களே முழிக்கினம், இவர் வந்திட்டார்" என்றார் வலைகாரர் ஒருவர்.

ஆலையில் நான் நாள்தோறும் பார்த்தது அது. பெல்ற்றை நடுவில் குறுக்காகப் போட்டு எட்டுப் போல மாட்டினால், மறுபக்கத்துச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். சம்மாட்டியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போடு பாப்பம்" என்றார். போட்டேன். கார் முன்னுக்குப் பாய்ந்தது.

அக்காவுக்கு நோவு கண்டது கொட்டும் மழையில். சம்மாட்டியார் ஓட்டினார். பின் இருக்கையில் எலிசபெத் அக்கா முனகிக்கொண்டு கிடந்தா, மருத்துவிச்சி அவாவின் தலையை மடியில் வைத்திருந்தா. திறந்த டிக்கிக்குள் இஞ்சினுக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டு நான் இருந்தேன். சம்மாட்டியாரின் மனைவி கண்ணை மூடிய அதே மணலில் சில்லுகள் புதையத் தொடங்கின.

"தம்பி, இழுடா! மாதாவே, இழுடா!" என்று சம்மாட்டியார் கத்தினார்.

தடியை நெஞ்சோடு சேர்த்து இழுத்தேன். றப்பர் கருகும் மணம் எழுந்தது. கார் நின்றது போல் நின்று, ஒரு முறை குலுங்கி, மெல்ல மெல்ல ஏறித் தார் வீதியைப் பிடித்தது.

பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிழைத்தா. ஆசுப்பத்திரி வாசலில் சம்மாட்டியார் டிக்கிப் பக்கம் வந்து, சூடு ஆறாத அந்தப் பெல்ற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"உன்ர எட்டுத்தான்ரா என்ர பிள்ளையைக் கொண்டு வந்தது" என்றார்.

இன்று அந்த மணல் வழி தார் வீதி. சம்மாட்டியார் போய்விட்டார். போரில் இடம்பெயர்ந்தபோது ஏதோ ஒரு வீதியோரத்தில் விட்ட கார், பிறகு இரும்பாகக்கூட மிஞ்சவில்லை. அன்று பிறந்த பெண் பிள்ளை வெளிநாட்டில் இருந்து கோயில் திருவிழா மலருக்கு எழுதியிருக்கிறா: அம்மப்பா தன்னந்தனியாக அந்தக் காரைச் செய்தாராம், 'உதவிக்கு ஒரு பெடியன்' நின்றானாம்.

மகளே, மனைவியை இழந்த துக்கம் அவருடையது. காரும் அவருடையது, இஞ்சினைத் தூக்கி வைத்த துணிவும் அவருடையது. அதில் நான் பங்கு கேட்கவில்லை. பெல்ற்றை எட்டாகப் போட்டது நான். மழைக்குள் குந்தியிருந்து அதை இறுக்கிப் பிடித்ததும் நான். 'ஒரு பெடியன்' என்று நீங்கள் எழுதிய இடத்தில் என் பெயரைப் போடுங்கள்: மனுவேல் மகன் அருளப்பு.