சாக்பீஸில் எழுதிய பெயர்

ஒருநாள் காய்ச்சலோடு வேலைக்குப் போய்ப் படிக்கட்டிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். மேற்பார்வையாளர் வரும் நேரம். தட்டுத்தடுமாறி மேலே போனால், வரலாற்றுத் துறை அறை பெருக்கித் துடைத்துக் கிடந்தது. யார் செய்தது என்று யாரும் சொல்லவில்லை. கௌரவ சாரின் பேன்ட் மட்டும் முட்டிவரை நனைந்திருந்தது.

கௌரவ சார் என்பது நான் வைத்த பெயர். அந்தக் கல்லூரியில் நான் துப்புரவு வேலை செய்கிறேன். படிப்பு ஐந்தாவதோடு சரி. அறை வாசலில் தொங்கும் பலகையை எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். மேலே நான்கு பேர், பெயின்டில்: 'உதவிப் பேராசிரியர்'. கடைசியில் இவர், சாக்பீஸில்: 'கௌரவ விரிவுரையாளர்'. கௌரவம் இவருக்கு மட்டும்தான், மற்ற நால்வரும் இவருக்கு உதவிக்கு இருப்பவர்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

அவரிடமே அதைச் சொன்னபோது, சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது அவருக்கு.

"அய்யோ அக்கா, அவங்கதான் நிரந்தரம். நான் வருஷா வருஷம் 'வரலாமா'ன்னு கேட்டு வர்றவன். நாற்காலி குடுக்க மனசில்லாம கௌரவத்தைக் குடுத்துட்டாங்க."

உண்மைதான். பதினொரு வருடமாக அவர் உட்கார்ந்தது அலமாரி ஓரத்தில், கால் ஆடும் ஸ்டூலில்.

பன்னிரண்டாவது வருடம் ஒரு நிரந்தர இடம் காலியானது. நேர்காணலுக்குப் போனார். நான் ஈரம் படாமல் அவர் பெயரைச் சுற்றிச் சுற்றிப் பலகையைத் துடைப்பேன். ஆண்டவனே, இந்தப் பெயரைப் பெயின்டில் பார்க்கவேண்டும் என்று தினமும் கும்பிட்டேன். என்ன கணக்கோ, அவன் காதில் விழவில்லை.

இடம் இவரிடம் படித்த ஒரு பெண்ணுக்குப் போனது. அவள் இவர் முகத்தைப் பார்க்கமாட்டாமல் ஜன்னலைப் பார்த்து நின்றாள்.

"இனி உங்க வகுப்பெல்லாம் இவங்களுக்கு," என்றார் துறைத்தலைவர். "தப்பா நினைக்காதீங்க. உங்கமேல எங்களுக்கு எப்பவும் மரியாதை உண்டு."

"தெரியும் சார். பலகையிலயே போட்டிருக்கீங்களே!"

சாப்பாட்டு டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் நான் வாளியோடு நின்றேன்.

"நாளைக்குப் பெயின்டர் வர்றாராம். என் பேரைத் துடைச்சிடுங்கக்கா."

"என் கையால மாட்டேன் சார்."

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அழுத்தித் தேய்க்க வேணாம்க்கா. சாக்பீஸ்தானே."