தூங்கிப் பார்த்து வாங்கிய வீடு

திரைக்கார அக்கா வீடு பார்க்கக் கிளம்பும்போது மூன்றை மறக்காமல் எடுத்துக்கொள்வாள்: அளவு நாடா, ஒரு பாய், புருஷன்.

நாடா அவள் தொழிலுக்கானது. வீடு வீடாகப் போய் ஜன்னல்களை அளந்து, திரைச்சீலை தைத்து, கம்பியில் மாட்டிக் கொடுப்பது அவள் வேலை. புருஷன் ஒரு பேக்கரியில் இரவு அடுப்பைப் பார்க்கிறவர். ஊர் தூங்கும்போது ரொட்டி சுட்டு, ஊர் எழும்போது தூங்க வருகிறவர். பாய் எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

பிழைக்க வந்த இந்த ஊரில் அவர்கள் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் நான் ஆறு வருஷம் குடியிருந்தேன். அவர்களுடைய பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு இரண்டு, மூன்றாவது வயிற்றில். இருந்ததோ ஒரே ஒரு படுக்கையறை. பகலில் அதில் அக்கா புருஷன் தூங்குவார். ஜன்னலில் மூன்று அடுக்குத் திரை. அக்கா தையல் மெஷினைச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போய், மெஷினுக்குக் கீழே பழைய போர்வையை மடித்துப் போட்டுத் தைப்பாள். பேச்செல்லாம் சைகையில்தான். அந்த வீட்டுப் பிள்ளைகள் நடக்கக் கற்றுக்கொண்டதே குதிகால் தரையில் படாமல்தான்.

இதை விளையாட்டாக அவள் எடுத்துக்கொள்ளவில்லை. முந்தைய வருஷம், பக்கத்து வீட்டில் யாரோ சுவரை இடித்துக் கட்டிய இரண்டு வாரமும் அவருக்குப் பகல் தூக்கம் போனது. மூன்றாவது வாரம் அடுப்பு முன்னால் நின்றபடியே கண் அசந்து, இரும்புக் கதவில் முழங்கை பட்டு வெந்துபோனது. அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா எழுந்து போய்த் திரையை இன்னொரு தடவை இழுத்துவிடுவாள்.

அப்படி இருக்கும்போதுதான் வீட்டுக்காரர் வந்து, ஐந்து மாதத்தில் காலி செய்யுங்கள், மகன் குடிவரப் போகிறான் என்றார். இன்னொரு வாடகை வீட்டுக்கு மூட்டை கட்டுவதில்லை என்று அன்றே அக்கா முடிவு செய்துவிட்டாள். இருவருமாகச் சேர்த்ததும் கடனும் சேர்த்தால் ஒரு வீடு வாங்கலாம். ஒரே ஒரு வீடு, ஒரே ஒரு தடவை. தப்பாக வாங்கிவிட்டால் திருத்திக்கொள்ள வழியே கிடையாது.

பத்திரங்கள் எல்லாம் இந்த ஊர் மொழியில் இருக்கும்; அக்காவுக்கு அது பேச வரும், படிக்க வராது. எனக்கு இரண்டு மொழியும் ஓடும் என்பதால் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. நான் சும்மா இருக்கவில்லை. விலை குறைந்த இருபத்துமூன்று பகுதிகளைத் தேடி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, திருட்டு, மழைத்தண்ணீர் தேங்குமா என்று ஒவ்வொன்றாகக் குறித்து ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு போனேன். அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"இதுல பகல் பதினொரு மணிக்கு என்ன சத்தம் வரும்னு போட்டிருக்கா தம்பி?"

"அது இல்லக்கா."

"அப்ப இது ராத்திரி தூங்குறவங்களுக்குப் போட்ட லிஸ்ட்டு" என்று மடித்து என்னிடமே கொடுத்துவிட்டாள்.

அவளிடம் வேறொரு பட்டியல் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக எந்தத் தெருவில், எந்த வீட்டில், எந்தத் துணி மாட்டினாள் என்று எழுதி வைத்த நோட்டு. அதைப் பிரித்து வைத்துக்கொண்டு பழைய வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள்.

"அம்மா, திரைக்காரி பேசுறேன். போன வருஷம் மாட்டினது எப்படி இருக்கு? சாயம் கீயம் போச்சா? ... எத்தனை நாளைக்கு ஒருதடவை துவைக்கிறீங்க? ... பத்து நாளைக்கா? சரி சரி, மெதுவாத் துவைங்க, முறுக்கிப் பிழியாதீங்க."

போனை வைத்துவிட்டு நோட்டில் அந்தப் பகுதியை அடித்துவிடுவாள். "பத்து நாள்ல துணி கறுக்குதுன்னா லாரி போற ரோடு. வேணாம்."

இரண்டாவது தடவை கூப்பிட்டு இன்னும் கனமான துணி கேட்டவர்களின் தெருவையும் அடித்தாள். அங்கே வெளிச்சமோ சத்தமோ ஏதோ ஒன்று உள்ளே வருகிறது. விளிம்பில் பூஞ்சை பிடித்தது என்றவர்களின் தெருவும் போனது. ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் மட்டும், "திரையை நான் மூடுறதே இல்லையேம்மா, எதிர்ல யாரும் எட்டிப் பாக்கிற தெரு இல்ல இது" என்றார். அந்தத் தெருவுக்குக் கீழே அக்கா ஒரு கோடு போட்டாள். பஸ் கடைசியாக நிற்கும் இடத்தையும் தாண்டி இருந்த பகுதி அது. என் பட்டியலில் அது இல்லவே இல்லை. அவ்வளவு தூரமா என்று யோசித்து அப்போதைக்குத் தள்ளி வைத்தாள்.

தெரு தேறினால் அடுத்தது நடை. சின்னவனின் தள்ளுவண்டியில் சின்னவனுக்குப் பதில் பேக்கரி மாவு மூட்டை ஒன்றை உட்காரவைத்து, பெல்ட் போட்டு, பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீடுவரை தள்ளிக்கொண்டு போவாள். ஐந்து மாதத்து வயிற்றோடு ஒரு பெண் மாவு மூட்டைக்குக் குடை பிடித்துக்கொண்டு போவதைத் திரும்பிப் பார்க்காதவர்கள் இல்லை. "பிள்ளைய வச்சுத் தள்ளுனா கண்ணு பிள்ளை மேல இருக்கும். மூட்டைன்னா ரோட்டு மேல இருக்கும்" என்பாள். எந்த நடைபாதை எங்கே உடைந்திருக்கிறது, எங்கே வண்டியைத் தூக்க வேண்டும் என்பதெல்லாம் நோட்டில் ஏறும்.

கடைசியில்தான் பாய். இரவு வேலை முடிந்து வந்த மனிதரை நேராகக் காலி வீட்டுக்கு அழைத்துப் போய், படுக்கையறையில் பாயை விரித்து, "படுங்க" என்பாள். ஒரு மணி நேரம் தூங்கினால் வீடு தேறியது.

முதல் தடவை இதைப் பார்த்த புரோக்கருக்கு ஒன்றும் புரியவில்லை. கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு, "வீடு பாக்க வந்தீங்களா, தூங்க வந்தீங்களா?" என்றார்.

"தூங்கத்தான் அண்ணே வீடே வாங்குறோம்."

"நான் எங்க உக்கார்றது?"

"படியில உக்காருங்க. செருப்பைக் கழட்டிட்டு நடங்க, டக்கு டக்குன்னு கேக்குது."

நான்கு வீடுகள் தோற்றன. ஒன்றில் மாடியில் தண்ணீர் மோட்டார், ஒன்றில் எதிர்வீட்டு நாய், மற்ற இரண்டும் எதனால் என்று நினைவில்லை. ஐந்தாவது வீட்டில் ஏழு ஜன்னல்கள். அக்கா உள்ளே நுழைந்ததுமே கேட்காமல் அளக்க ஆரம்பித்துவிட்டாள். முன்னறைக்கு வெளிர் மஞ்சள், பிள்ளைகளுக்குக் கோடு போட்டது என்று வாய் முணுமுணுத்தது. அவரோ பாயில் படுத்ததுமே தூங்கிப்போனார். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், புரோக்கர் இரண்டு தடவை டீ குடித்துவிட்டு வந்தார். எழுப்பித்தான் கூட்டி வந்தோம். வியாழக்கிழமை முன்பணம் கொடுப்பது என்று பேச்சு முடிந்தது.

புதன்கிழமை மத்தியானம் நான் பத்திரத்தைப் படித்து முடித்து, எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லப் போனேன். அக்கா துவைக்கிற துணியோடு நின்றிருந்தாள். கையில், வீடு பார்த்த அன்று அவர் கழற்றிப் போட்ட இரண்டு மாவு ஏப்ரன். பேக்கரியில் ஒரு ஷிப்டுக்கு ஒன்றுதான் கொடுப்பார்கள்.

அவர் எழுந்து வரும்வரை காத்திருந்து கேட்டாள். "வீடு பாத்த அன்னைக்கு ரெண்டு ஷிப்ட் பாத்தீங்களா?"

"அன்னைக்கு ஒரு ஆளு வரல. நான்தான் நின்னேன்."

"ஏன் சொல்லல?"

"நீ அவ்வளவு சந்தோஷமா ஜன்னலை அளந்துட்டிருந்தே."

அக்கா உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு ஷிப்ட் பாத்தவர் தண்டவாளத்துல படுத்தாலும் தூங்குவாரு. இது செல்லாது."

புரோக்கர் குதித்தார். வேறொரு பார்ட்டி பணத்தோடு நிற்கிறது என்றார். நானும் என் பங்குக்கு, "அக்கா, ரெண்டே மாசம்தான் இருக்கு, விலையும் கட்டுது, காது அடைக்கிற பஞ்சு வாங்கிக்கலாமே" என்று சொல்லிப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் பாயைச் சுருட்டினாள்.

வியாழக்கிழமை காலை மறுபடி அதே அறை, அதே பாய். பத்தரை மணிக்குப் பின்பக்கத்துப் பள்ளி மைதானத்தில் விசில் ஊதியது. பிறகு பந்து, பிறகு நானூறு பிள்ளைகள். போன தடவையும் இது கேட்டிருக்கும்; ஜன்னல் அளந்த குஷியில் யாரும் காதில் வாங்கவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே, "நல்ல வீடுதான். பழகிடும்" என்றார். அவளுக்காகச் சொன்னார் என்று எனக்கே தெரிந்தது.

அக்கா ஏழு ஜன்னல்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "வேணாம்" என்றாள். அன்று சாயங்காலமே அந்த வீடு கைமாறியது.

பிறகு ஒரு மாதம் ஒன்றும் அமையவில்லை. சொந்தக்காரர்கள் போனில் திட்டினார்கள். "மகாராணிக்கு அரண்மனை தேடுறாளாம்" என்றார் அவளுடைய நாத்தனார். "உங்க அண்ணனுக்குத்தான் தேடுறேன், வந்து படுத்துப் பாருங்க" என்று இவள் சொன்னதும் அவர் போனை வைத்துவிட்டார். அதிகம் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் இப்போது மாவு மூட்டையைப் பெரியவள் தள்ளினாள்.

கடைசியில் டீச்சரின் தெருவுக்கே வந்தோம். கடைசி ஸ்டாப்பில் இறங்கி ஏழு நிமிஷம். மூட்டை எங்கும் குதிக்கவில்லை. அந்த வீடு ஒரு வருஷமாக விற்காமல் கிடந்தது. முன்னறையில் சூரியன் தாராளமாக விழுந்தது. மெஷினை எங்கே போடலாம் என்று அக்காவின் கண் உடனே இடம் பிடித்துவிட்டது. புரோக்கர் சமையலறையைக் காட்டினார், குளியலறையைக் காட்டினார், பின்பக்கக் கதவை மட்டும் முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"அது என்ன அண்ணே?"

"அது ... ஸ்டோர் ரூம் மாதிரி வச்சுக்கலாம்."

அக்கா அவரை மெல்ல ஒதுக்கித் திறந்தாள். நல்ல பெரிய அறை. ஆனால் ஒரே ஜன்னல். அதற்கு இரண்டு முழம் தள்ளி, ஒரு கிடங்கின் பெரிய சுவர் வானத்தை மூடிக்கொண்டு நின்றது. பட்டப்பகலில் என் கை எனக்குத் தெரியவில்லை. வந்தவர்களெல்லாம் ஏன் திரும்பிப் போனார்கள் என்று புரிந்தது.

அக்கா இருட்டுக்குள் நின்று சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். "இருட்டை நான் மீட்டர் கணக்குல விக்கிறவ அண்ணே. இங்க ஓசில கிடக்குது."

பாய் விரிந்தது. அன்று ஒரே ஷிப்ட்தானா என்று ஏப்ரனை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அவரைப் படுக்கவைத்தாள். நாங்கள் வாசற்படியில் வரிசையாக உட்கார்ந்தோம். புரோக்கர் தானாகவே செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார்.

இருபது நிமிஷம் போயிருக்கும். பக்கத்து வீட்டு முற்றத்தில் ஒருவர் பலகைகளை இறக்கி மின்சார ரம்பத்தை மாட்டினார். தச்சர். யாரும் சொல்லாமலே பெரியவள் ஓடினாள்.

"மாமா, எங்கப்பா தூங்குறாரு."

"எங்க தூங்குறாரு? அது காலி வீடாச்சே."

"வாங்கலாமா வேணாமான்னு தூங்கிப் பாக்குறாரு."

தச்சர் எங்கள் வரிசையைப் பார்த்தார். வயிற்றுப்பிள்ளையோடு இருந்த அக்காவை, வண்டியில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த மாவு மூட்டையை, வெறுங்காலோடு இருந்த புரோக்கரை. ஒன்றும் கேட்காமல் ரம்பத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உப்புத்தாள் எடுத்துக் கையால் தேய்க்க ஆரம்பித்தார்.

எனக்கு உயிர் வந்தது. வேறு யாராக இருந்தாலும் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அக்கா கையை ஊன்றி எழுந்து வேலியருகே போனாள்.

"அண்ணே, நீங்க அறுங்க."

"பரவால்லம்மா, தூங்கட்டும்."

"இன்னைக்கு ஒருநாள் நிறுத்துனா எனக்கு என்ன தெரியும்? நான் பாத்துட்டுத்தான் வாங்கணும். எப்பவும் போல அறுங்க."

புரோக்கர் தலையில் கைவைத்துக்கொண்டார். ரம்பம் அலறியது. இரண்டாவது பலகைக்கு அக்கா புருஷன் வெளியே வந்துவிட்டார், தலையெல்லாம் கலைந்து.

"முழிச்சிட்டேன்" என்றார், தப்பு செய்துவிட்டவர்போல.

வீடு போனது என்றுதான் நான் நினைத்தேன். தச்சர் ரம்பத்தை அணைத்துவிட்டு நேராக அவரையே கேட்டார். "நீங்க எத்தனை மணி வரைக்கும் தூங்குவீங்க?"

"மூணு வரைக்கும்."

"அறுக்கிறதை மூணுக்கு மேல வச்சுக்கிறேன். காலையில தேய்க்கிறது, ஒட்டுறது, வார்னிஷ் அடிக்கிறதுன்னு எனக்கும் வேலை கிடக்கு."

"வாக்கு மாற மாட்டீங்களே?" என்றாள் அக்கா.

"மாறினா உங்க பொண்ணை அனுப்புங்க."

அவள் வேலியைப் பிடித்தபடி யோசித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "தம்பி, சத்தமில்லாத தெரு இந்த ஊர்லயே கிடையாது போல. நிறுத்துங்கன்னு கேக்குறதுக்கு முன்னாடியே நிறுத்துனாரு பாத்தியா. பத்திரத்தைப் படி."

ஆனாலும் புருஷனை மறுபடி உள்ளே அனுப்பினாள். அவர் மூன்றேகால் வரை தூங்கினார்.

குடிபோய் ஆறு வாரத்தில் மூன்றாவது பிறந்தது. போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். அக்கா முன்னறை வெயிலில், போர்வை விரிக்காத மெஷினில் சத்தமாகத் தைத்துக்கொண்டிருந்தாள். பெரியவள் குதிகால் அழுத்தி ஓடினாள். ஊருக்கெல்லாம் திரை மாட்டுகிறவள் வீட்டு முன் ஜன்னல் இன்னும் மொட்டையாகத்தான் இருந்தது; நேரமில்லை என்றாள். பின்னறைக்கதவு சாத்தியிருந்தது. மடியில் கிடந்த கைக்குழந்தை ஏதோ கோபத்தில் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுதுகொண்டிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் உப்புத்தாளும் கையுமாகத் தச்சர் எட்டிப் பார்த்தார். "என் ரம்பத்தை நிறுத்திட்டீங்க. இதுக்கு பிளக் எங்கம்மா இருக்கு?"

"இதைச் சோதிச்சு வாங்கலயே அண்ணே" என்றாள் அக்கா, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

பின்னறையிலிருந்து குறட்டை வந்துகொண்டிருந்தது.