சுல்மா பாடி முடிக்கும்வரை

சுல்மா பாரெய்ரோவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவள் அப்பா செத்த வீட்டிலிருந்து தொடங்குவதுதான் சரி. லா தேஹா பேட்டையில் உறவெல்லாம் கூடி அழுதுகொண்டிருந்தபோது, மேசைமேல் இருந்த காபிக் கோப்பைகளைத் தள்ளிவைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்திருந்தாள் அவள். அவளுடைய அத்தை ஒருத்தி என் காதோரம் வந்து, "பெத்த அப்பன் பெட்டியில படுத்திருக்கான், இவளுக்குப் படம் பாக்கக் கேக்குதா?" என்றாள். படம் இல்லை. எங்கள் கம்பெனியின் சர்வர் படுத்துவிட்டது, அதை எழுப்ப அவளை விட்டால் ஆள் இல்லை. அத்தைக்கு அதை விளக்க எனக்குப் பொறுமை இல்லை. "வாயை மூடிக்கிட்டு ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டேன்.

என் பெயர் ரக்கேல். டிக்கெட் கிடைக்காதவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டினால், திருப்பித் திட்டாமல் பதில் சொல்லும் வேலைக்குத்தான் நான் முதலில் சேர்ந்தேன். அது எனக்கு ஒத்துவரவில்லை என்று எல்லோருக்கும் சீக்கிரமே தெரிந்துபோனது. சோதனை பார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். எங்கள் தலைநகர் மொந்தெவிதேயோவில் கார்னிவல் திருவிழா வந்தால் பேட்டைக்குப் பேட்டை மேடை போடுவார்கள். அந்த மேடைகளுக்கு இணையத்தில் டிக்கெட் விற்பதுதான் எங்கள் கம்பெனியின் பிழைப்பு. மற்ற மாதங்களில் ஈ ஓட்டுவோம். பிப்ரவரியில் மொத்த ஊரும் ஒரே நேரத்தில் வந்து கதவை இடிக்கும்.

அப்போது கூடுதல் சர்வர்களை ஏற்றுவதும், கூட்டம் கலைந்தபின் இறக்குவதும் சுல்மாவின் பொறுப்பு. கிளவுட் திரையில் பக்கம் பக்கமாகப் போய், ஒவ்வொரு பொத்தானாகக் கையாலேயே அழுத்துவாள். எதற்குப் பிறகு எது என்பது அவள் தலைக்குள் மட்டும் இருந்தது. அதனால் அவள் கடற்கரைக்குப் போனாலும் கணினி கூடவே போகும். பல் பிடுங்கப் போனாலும் போகும். அவளைக் கட்டிக்கொண்டவன், "உனக்கு ஏற்கெனவே புருஷன் இருக்கான், அதுக்குப் பேரு சர்வர்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் போனதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, ஆனால் சொன்னது உண்மை.

இதையெல்லாம்கூட அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது ஒன்றுதான். அவள் பாடகி. முர்கா குழுவில் பாடுவாள். முகத்தில் கன்னாபின்னாவென்று சாயம் பூசிக்கொண்டு, பின்னால் பெரிய மேளமும் ஜால்ராவும் அதிர, ஊரையும் மந்திரிகளையும் கிண்டலடித்துக் கூட்டாகப் பாடுகிற அந்தப் பாட்டு எங்கள் ரத்தத்தில் ஊறியது. அதில் மேல்குரல் பாடுகிறவர்கள் அபூர்வம். சுல்மா மேலே எடுத்தால் தெருநாய்கூட நின்று கேட்கும். ஆனால் முர்கா பாடுவது கார்னிவலில். டிக்கெட் விற்பதும் கார்னிவலில்.

சில வருடங்கள் இரண்டையும் இழுத்துப் பிடித்தாள். ஒரு மேடையில், கடைசியாகப் பாடும் விடைபெறும் பாட்டின் நட்டநடுவில், அவள் ஜிகினா உடைக்குள் வைத்திருந்த கைபேசி அதிர்ந்தது. சாயம் பூசிய முகத்தோடு மேடையை விட்டு இறங்கி, குழுவின் வேனுக்குள் உட்கார்ந்து சர்வரை எழுப்பினாள். மேடையில் மேல்குரல் இல்லாமல் பாட்டு மொட்டையாக முடிந்தது. குழுவை நடத்தும் கார்தோசோ அவளைத் திட்டக்கூட இல்லை. "பாட்டுக்கு நடுவுல இறங்கிப் போறவளுக்கு என் வரிசையில இடமில்ல, கண்ணு" என்றார். அதன்பிறகு பிப்ரவரி முழுக்க அவள் அலுவலகத்தில்தான். காதில் வானொலியை மாட்டிக்கொண்டு முர்கா கேட்பாள். உதடு மட்டும் அசையும்.

போன ஆகஸ்ட்டில், எங்கள் ஊர்க் குளிர்காலத்தின் நடுவில், அவள் முதலாளியின் அறைக்குள் போய், "வர்ற கார்னிவலுக்கு நான் தேவைப்படக் கூடாது" என்றாள். வேலையை விடப்போகிறாள் என்று அவர் பயந்துவிட்டார். அவள் கேட்டது வேறு. எங்கள் சர்வர்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது, எது எதோடு பேசும் என்பதையெல்லாம் கோப்புகளில் எழுதிவிடுவது. கோப்பில் மாற்றம் செய்தால் பைப்லைன் என்கிற நிரல் தானாக அதை எடுத்து, பிழை இருக்கிறதா என்று பார்க்கும்; இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. பிறகு, "நிஜத்தில் இருப்பது இது, நீங்கள் எழுதியிருப்பது இது, ஆகவே இதைச் சேர்ப்பேன், இதை மாற்றுவேன், இதை அழிப்பேன்" என்று முன்கூட்டியே சொல்லும். இன்னொருவர் அதைப் படித்து ஒப்புதல் கொடுத்தால்தான் காரியம் நடக்கும். எழுதியவரே ஒப்புதல் கொடுக்க முடியாது. இதில் சுல்மா பிடிவாதமாக இருந்தாள். ஒரே ஆளின் தலைக்குள் கிடந்தால் என்ன ஆகும் என்பதை அவளைவிட யார் அனுபவித்திருக்கிறார்கள்?

குளிர்காலம் முழுக்க எழுதினாள். வசந்தத்தில் கார்தோசோவைப் போய்ப் பார்த்தாள். அவர் ஒரு துணிப்பையை எடுத்துக் காட்டினார். "மேடை ஏறுற எல்லாரும் கைபேசிய இதுல போடணும். வேனுக்குத் திரும்பினாத்தான் கிடைக்கும். சம்மதமா?" சம்மதம் என்றாள். "இன்னொரு தடவ இறங்கினே, அத்தோட சரி" என்றார்.

இங்கே வில்மாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் நாட்டில் எது உடைந்தாலும் கம்பி வைத்துக் கட்டிவிடுவோம். கட்டியது பத்து வருடம் நிற்கும். அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. வில்மார் அந்தக் கலையின் ராஜா. அவருடைய கார்க் கதவு கம்பியில் நிற்கிறது, அலுவலக ஜன்னல் கம்பியில் நிற்கிறது. சுல்மாவுக்கும் முன்னாலிருந்தே கம்பெனியில் இருப்பவர். அறுபதை நெருங்குகிறார். கையில் குழாய் போட்டு உறிஞ்சும் மாத்தேத் தேநீர், அக்குளில் அதற்கான வெந்நீர் ஃபிளாஸ்க், வாயில் ஒரு ஜோக். கோப்பு என்றால் மட்டும் அவருக்கு ஆகாது. "ரெண்டு பொத்தான்ல முடியறதுக்கு எதுக்கும்மா சுயசரிதை எழுதணும்?" என்பார். "திரையில எதையும் கையால மாத்தாதீங்க" என்று சுல்மா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். அவரும் தலையாட்டினார்.

சுல்மா திரும்பி வந்து பாடப்போகும் முதல் மேடை லா யூனியன் பேட்டையில். அன்றைக்குத்தான் கார்னிவல் போட்டியின் இறுதிச் சுற்றுக்கான டிக்கெட் விற்பனையும் தொடங்குகிறது. இரண்டும் ஏழு மணிக்கு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சுல்மா கிளம்பினாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். "ரக்கேல், சர்வர் ஏத்துற கோப்ப எழுதி அனுப்பிட்டேன். சாயங்காலம் பைப்லைன் கேக்கும். படிச்சிட்டு அழுத்து, போதும்."

"போடி முதல்ல. முகத்துல சாயம் பூசறதுக்கே உனக்கு ரெண்டு மணி நேரம் வேணும்" என்று துரத்தினேன்.

மாலையில் பைப்லைன் கேட்டது. சேர்ப்பது ஆறு, மாற்றுவது ஒன்று, அழிப்பது இல்லை. வில்மார் எனக்கு ஒரு மாத்தேயை நிரப்பி நீட்டினார். "அழிக்கிறது ஒண்ணுமில்லன்னு போட்டிருக்கே. அழுத்து தாயே, பச்சையாத்தான இருக்கு."

நான் அழுத்தவில்லை. சேர்ப்பது ஆறு சர்வர், அது சுல்மா சொன்னது. அந்த மாற்றுவது ஒன்று எது? விரித்துப் பார்த்தேன். டேட்டாபேஸைப் பெரிய அளவிலிருந்து சிறிய அளவுக்கு மாற்றுவேன், அதற்காக நிறுத்தி மறுபடி ஓட்டுவேன் என்று எழுதியிருந்தது. ஊரே கதவை இடிக்கப்போகும் நேரத்தில்.

"யோவ் வில்மார், டேட்டாபேஸ் எப்ப பெரிசாச்சு?"

அவர் மாத்தேயை உறிஞ்சினார். அவசரமே இல்லாமல் உறிஞ்சினார்.

"மத்தியானம் கொஞ்சம் திணறிச்சு. சும்மா ஒரு ரெண்டு பொத்தான்..."

"திரையில போயி கையாலயா?"

"கம்பி கட்டினேன். நல்லாத்தான நிக்குது?"

நிற்கும். பைப்லைன் வந்து அவிழ்க்கும்வரை நிற்கும். கோப்பில் சிறியது என்று எழுதியிருக்கிறது, நிஜத்தில் பெரியதாக இருக்கிறது. அதன் கணக்கில் வில்மார் செய்தது ஒரு பிழை, பிழையைத் திருத்துவது அதன் கடமை. ஒப்புதல் கொடுத்தால் டேட்டாபேஸ் போகும். கொடுக்காவிட்டால் ஆறு சர்வர் வராது, இருப்பவை கூட்டத்தில் நசுங்கும்.

வில்மார் கைபேசியை எடுத்தார். "கார்தோசோ என் பக்கத்து வீட்டுக்காரன். வேன் இன்னும் மேடைக்குப் போயிருக்காது. சுல்மாகிட்ட குடுக்கச் சொல்றேன், அவ ரெண்டு நிமிஷத்துல..."

அவர் அக்குளிலிருந்த ஃபிளாஸ்க்கைப் பிடுங்கினேன். எங்கள் ஊரில் இது அடிதடிக்குச் சமம். அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அந்த போனப் போட்டீங்க, இதக் கொண்டுபோய் ஆத்துல எறிஞ்சிடுவேன். ரெண்டு நிமிஷமா? அவ இறங்கி வந்தா அந்த ஆளு மறுபடி சேத்துக்குவாரா? எத்தன வருஷமா காதுல வானொலிய மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தா, பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்மா. வேற என்ன பண்ணச் சொல்றே?"

"கோப்புல எழுதுங்க. டேட்டாபேஸ் பெரிசுன்னு நீங்க எழுதுங்க, நான் ஒப்புதல் குடுக்கறேன். நான் எழுதினா நான் அழுத்த முடியாது. இங்க இருக்கறது நாம ரெண்டு பேருதான்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. இத்தனை நாளும் அவர் காட்டியது சோம்பேறித்தனம் இல்லை, பயம். திரையில் பொத்தானை அழுத்தினால் யாரும் பார்ப்பதில்லை. கோப்பில் எழுதினால் அவர் பெயரோடு எல்லோர் கண்ணிலும் படும், தப்பென்றால் சிவப்பு விளக்கு எரியும். "நான் தப்பா எழுதிட்டா பசங்க சிரிப்பானுங்க, ரக்கேல்" என்றார் மெல்ல. அந்த மனுஷன் கம்பெனி நொடித்துக் கிடந்த வருடங்களில் பழைய சர்வர்களைக் கம்பி கட்டியே காப்பாற்றியவர். என் கோபம் பாதி இறங்கிவிட்டது. ஃபிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தேன்.

"சிரிச்சா என்கிட்ட அனுப்புங்க. உக்காருங்க."

உட்கார்ந்தார். இரண்டு விரலால் தட்டினார். அனுப்பினார். சிவப்பு எரிந்தது. மேற்கோள் குறி ஒன்றைத் திறந்துவிட்டு மூடாமல் விட்டிருந்தார். "பாத்தியா, சொன்னேன்ல" என்று எழுந்திருக்கப் பார்த்தார். தோளைப் பிடித்து அழுத்தினேன். "அது உங்களத் திட்டல, எந்த வரின்னு சொல்லுது. படிங்க." மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு படித்தார், குறியை மூடினார், மறுபடி அனுப்பினார். பைப்லைன் தன்பாட்டுக்கு ஒவ்வொரு சோதனையாகச் செய்தது. நான் மனதுக்குள் அதை எல்லாக் கெட்ட வார்த்தையிலும் திட்டித் தீர்த்தேன். ஏழு அடிக்கக் கொஞ்சம் இருக்கும்போது பதில் வந்தது. சேர்ப்பது ஆறு, மாற்றுவது இல்லை, அழிப்பது இல்லை.

ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அழுத்தினேன்.

சர்வர்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. விற்பனை திறந்தது, கூட்டம் வந்து மோதியது, டிக்கெட் போய்க்கொண்டே இருந்தது. வில்மார் திரையில் தன் பெயருக்குப் பக்கத்தில் எரிந்த பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "நீ போம்மா. நான் பாத்துக்கறேன். எதையும் கையால தொட மாட்டேன், சத்தியமா" என்றார்.

டாக்ஸி பிடித்து லா யூனியனுக்கு ஓடினேன். விடைபெறும் பாட்டு ஆரம்பித்திருந்தது. வரிசையின் ஓரத்தில், கண்ணைச் சுற்றி நீலமும் வெள்ளியுமாகப் பூசிக்கொண்டு, சுல்மா நின்றாள். மேல்குரலை எடுத்தபோது பக்கத்தில் எம்பனாதா தின்றுகொண்டிருந்தவன் மெல்வதை நிறுத்திவிட்டான். கடைசி வரிவரைக்கும் பாடினாள். மேளம் நின்றபின்னும் ஜனம் கைதட்டிக்கொண்டே இருந்தது. எனக்கு வெட்கமில்லாமல் அழுகை வந்தது.

வேனுக்குப் பக்கத்தில் கார்தோசோ பையைத் திறந்து கைபேசிகளைக் கொடுத்தார். சுல்மா தன்னுடையதைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"ஒருத்தர்கூடக் கூப்பிடலையா? எதுவும் உடையலையா?"

"உடைஞ்சுது. வில்மார் டேட்டாபேஸ்ல கம்பி கட்டிட்டாரு."

என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. "அப்புறம்?"

"கோப்புல எழுதினாரு. நான் படிச்சு அழுத்தினேன். ஓடுது."

"வில்மாரா? கோப்புலயா?" சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. அடிபட்ட குழந்தை மாதிரி என்னைப் பார்த்தாள். "ஏண்டி என்னக் கூப்பிடல?"

"நீ பாடிக்கிட்டிருந்தியேடி."

நீலமும் வெள்ளியும் கலந்து கன்னத்தில் இறங்கியது. கார்தோசோ வேனுக்குள்ளிருந்து கத்தினார்: "ஏய் மேல்குரல்! அடுத்த மேடைக்கு நேரமாச்சு, முகத்தக் கெடுத்துக்காத, ஏறு!"

ஜிகினாப் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். படியில் கால் வைத்தவள் திரும்பி வந்து கைபேசியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவளே மூடினாள்.

"அடிச்சா நீ எடு" என்றாள்.