எங்கள் ஊர்ப் பனி

எங்கள் பள்ளியின் கால அட்டவணையில் ஓவிய வகுப்பு இருக்கிறது. அதில் பாடம் நடத்துவது கணக்கு ஆசிரியர். பரீட்சை நெருங்கினால் அறிவியல் ஆசிரியரும் பங்கு கேட்பார். திருத்தணியில் இத்தனை வருடமாக ஓவிய ஆசிரியராக இருக்கும் நான் ஆண்டு விழாத் தோரணத்துக்கு மட்டும் வேண்டியவன். அதனால்தான், தென் துருவத்தில் மாதக்கணக்கில் தங்கி ஆராய்ச்சி செய்த ஒரு பெண் விஞ்ஞானி, பருவநிலை மாற்றத்தை ஓவியம் வழியே சொல்லிக்கொடுக்கலாமா என்று கேட்டு வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வரைவதில் நல்லவற்றை அங்குள்ள ஆய்வு நிலையத்தின் சாப்பாட்டு அறையில் மாட்டுவார்களாம். எங்கள் பிள்ளைகளின் படம் அங்கே போயே ஆகவேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது.

விஞ்ஞானி மேடம் நன்றாகத்தான் பேசினார். பூமி சூடாகிறது, பனி உருகுகிறது, அதை வரையுங்கள் என்றார். வரைந்து முடித்ததும் பார்த்தால், எல்லாத் தாளிலும் சிரிக்கிற சூரியன். கீழே மலைக்கோயில், படியேறும் கூட்டம், வாசல் கோலம்.

"பனி எங்கம்மா?" என்று ஒரு பெண்ணிடம் கேட்டார் மேடம். அவள் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள்.

"அதான் பூட்ச்சே மேடம். வெயிலு வந்துகினு இருக்குது பாருங்க. பனி போனா நல்லதுதானே? பஸ்ஸு டைமுக்கு வரும்."

எங்களுக்குப் பனி என்றால் மார்கழியில் இறங்குவது. சளி பிடிக்கவைப்பது, வீட்டில் திட்டு வாங்கித் தருவது. அது போனால் யார் அழுவார்கள்? உலகத்துக்கு வரும் ஆபத்தைச் சொல்ல வந்த பாடம் பொங்கல் வாழ்த்து அட்டையாகிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் மேல் அல்ல. புல் மேல் நிற்கும் துளிக்கும் துருவத்தில் உறைந்து கிடப்பதற்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டு விளக்காமல் போகும் பாடப்புத்தகத்தின் மேல்.

மேடம் சிரித்துவிட்டார். "தப்பு என் மேலதான் சார். ஐஸ்னு சொல்லியிருக்கணும்." ஜூஸ் கடையில் ஒரு ஐஸ் கட்டி வாங்கி, மேசைமேல் உருகவிட்டு, முதலிலிருந்து விளக்கினார். பிறகு, சூடு ஏறினால் உங்கள் ஊரில் எது போகும் என்று நினைக்கிறீர்களோ அதை வரையுங்கள் என்றார்.

அந்தப் பெண் பஸ் நிறுத்தம் வரைந்தாள். பாதித் தாளில் வண்ணமே இல்லை.

"பேப்பருதான் மேடம் பனி. சூடு ஏறினா இந்த எடம் பூரா கலராயிடும்."

மேடம் அதைத் தனியே எடுத்து வைத்தார். "முதல்ல இது போகட்டும் சார்," என்றார். கையெழுத்து வாங்க நான் அதை எடுத்துக்கொண்டு மேடத்தோடு தலைமை ஆசிரியரிடம் ஓடினேன்.

அவருக்குப் பிடிக்கவில்லை. "இன்னா சார் இது, பாதிப் பேப்பர் காலியா இருக்குது? ஒரு வெள்ளைக் கரடி போடச் சொல்லுங்க. பாத்தவொடனே தெரியணும்."

"தென் துருவத்துல கரடியே கிடையாது சார்," என்றார் மேடம்.

"பசங்க படந்தானே மேடம், யாரு கேக்கப் போறாங்க? கரடி இல்லாத படத்துக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

பனிப்புயலில் நின்றவர் அந்த ஒரு பேச்சில் அடங்கிப்போனார். நான் கத்தினேன். கத்தியது ஏழாம் வகுப்பு வரை கேட்டதுதான் மிச்சம்.

மறுநாள் காலை அந்தப் பெண், நான் திருப்பிக் கொடுத்திருந்த படத்தை என்னிடம் நீட்டினாள். காலியாக விட்டிருந்த வெள்ளையில் இரண்டு கண்ணும் ஒரு கறுப்பு மூக்கும் வைத்திருந்தாள்.

"இப்ப அனுப்புவாங்களா சார்?"

"ஆங்," என்றேன்.

அனுப்பினார்கள்.