வெள்ளைத் திரைக்கு ஒரு கூலிங் கிளாஸ்

1. பாண்டி பஜார் நடைபாதையில் எங்கள் குழுவினர் ஒரு மலிவான கூலிங் கிளாஸ் வாங்கினார்கள்.
2. அதை என் பக்கத்து இருக்கைக்காரியின் தடுப்புப் பலகையில் தொங்கவிட்டார்கள். அவள் திரையைப் பார்க்க வருகிறவர்கள் அதை மாட்டிக்கொண்டுதான் பார்க்க வேண்டும் என்று ஒரு விதியும் போட்டார்கள்.
3. ஒருநாள் அது காணாமல் போனது. அவளே தேடி எடுத்து மறுபடி மாட்டினாள்.
4. வேலையை விட்டுப் போனபோது அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

தரமணி அலுவலகத்தில் நாங்கள் எல்லோரும் கறுப்புத் திரையில் நிரல், எங்கள் பேச்சில் 'கோடு', எழுதுகிறவர்கள். அவள் திரை மட்டும் வெள்ளை. எதிர் இருக்கைப் பையன் தினமும் வம்புக்கு இழுப்பான். "இன்னாம்மா, ஜன்னலத் தொறந்து வெச்சுக்கினு கீற? கண்ணு கூசுது, மூடு." அவள் திரும்பாமலே பதில் சொல்வாள். "கண்ண மூடிக்கோ நைனா. கோடு அப்படித்தான எழுதுற?" அவன்தான் முதலில் சிரிப்பான்.

காரணத்தை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அவளுடைய கருவிழியின் வளைவு சீராக இல்லை. கண்ணாடி போட்டும் கோளாறு கொஞ்சம் மிச்சம். கறுப்புப் பின்னணியில் எழுத்துகளின் ஓரம் ஈரத்தில் பட்ட மைபோல இழுக்குமாம். "சொல்லிடேன்டி" என்றேன். "வேல இன்னும் கன்ஃபர்ம் ஆகல. கண்ணு சரியில்லன்னு தெரிஞ்சா கோடத் தொடவிடுவாங்களா?" என்றாள்.

ஒரு நிரல் ஆய்வுக் கூட்டத்தில் மேலாளர் தன் மடிக்கணினியின் கறுப்புத் திரையைச் சுவரில் விரித்து, பிழை எங்கே என்று அவளைக் கேட்டார். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். யாரோ கொட்டாவி விட்டார்கள். நானே சொல்லிவிடலாமா என்று நாற்காலியை முன்னால் இழுத்தேன். அதற்குள் அவளே சொன்னாள்: "வெள்ளையா மாத்துங்க சார். கறுப்புல எனக்குப் படிக்க வராது. கண்ணு அப்படி." அவர் உடனே மாற்றினார். அவளும் பிழையைக் காட்டினாள். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார், உண்மையான கனிவோடு.

அந்தக் கனிவில்தான் எல்லாம் போயிற்று. வேலை உறுதியானது, ஆனால் கண்ணுக்குச் சிரமம் இருக்காது என்று பயனர் கையேடு எழுதும் பிரிவில் போட்டார்கள். வம்பிழுத்த பையன் குரலைத் தாழ்த்தி "சாப்டியாம்மா?" என்றான். கூலிங் கிளாஸை யாரோ கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டார்கள். "எவன்டா கழட்டினது?" என்று அவள் போட்ட சத்தம் அந்தத் தளம் முழுக்கக் கேட்டது. பிறகு என்னிடம் சொன்னாள்: "கிண்டல் பண்ணப்போ நான் கோடு எழுதுறவ. இப்போ பேஷண்ட்." சில மாதங்களில் வேறு நிறுவனத்துக்குப் போனாள். நேர்காணலிலேயே கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டாளாம். இப்போது அங்கே நிரல்தான் எழுதுகிறாள்.

கொஞ்ச காலமாக எனக்கு எந்தத் திரையிலும் கண் நிலைகொள்ளவில்லை. காலையில் கறுப்பு, மதியம் வெள்ளை, மறுபடி கறுப்பு. எழுத்தைப் பெரிதாக்குவேன், வெளிச்சத்தைக் குறைப்பேன். எழுதியதைவிட மாற்றியதே அதிகம். மயிலாப்பூரில் கண்ணைச் சோதித்தபோது எனக்கும் அதே கோளாறு என்றார்கள். படியிறங்கும்போதே அவளை அழைத்தேன். "வாடி வா, நம்ம ஜாதிக்கு" என்று சிரித்தாள். "திரைய மாத்திக்கோ. வேலைய மாத்த விட்டுடாத."

இன்று காலை மேலாளரிடம் சொன்னேன். அவர் முகத்தில் அதே கனிவு. "கொஞ்ச நாள் கையேடு பக்கம் பாக்கறியாம்மா?" என்றார். "வேண்டாம் சார், வெள்ளையில நல்லாத் தெரியுது. கோடே எழுதறேன்" என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றார்.

என் திரை இப்போது வெள்ளை. நிரல் என் கையில்தான் இருக்கிறது. கூலிங் கிளாஸை என் தடுப்புப் பலகையில் எல்லோருக்கும் தெரியும்படி மாட்டியிருக்கிறேன். எதிர் இருக்கைப் பையன் அதைப் பார்த்தான். தன் திரைக்குத் திரும்பிக்கொண்டான். இன்னும் யாரும் கிண்டலுக்கு அதை மாட்டிக்கொண்டு என் திரையைப் பார்க்க வரவில்லை.